விழுகிற பக்கம்

மார்ச் 4, திங்கள்

லாரிக்காரர் இன்று நடைப் பயிற்சிக் கம்பிகளுக்கு நடுவே கடைசி வரை போய்த் திரும்பி வந்தார். பக்கவாதத்தில் இடது பக்கம் செயலிழந்துபோன மனிதர். வந்த புதிதில் சக்கர நாற்காலியை விட்டு எழவே மாட்டேன் என்று அடம் பிடித்தார். இன்று திரும்பும்போது, "ரிவர்ஸ் எடுக்கறேன், பின்னாடி பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார். பிசியோதெரபி அறையே சிரித்தது. அவர் மனைவி மட்டும் அங்கே இல்லை. "நீங்க கூட நிக்கற தைரியத்துலதான் நான் ஒரு டீ குடிக்கப் போறேன்" என்று தினமும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

நான் வழக்கம்போல அவருடைய இடது பக்கம், அரையடி பின்னால். புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்வேன். ஆள் எந்தப் பக்கம் விழுவாரோ அந்தப் பக்கம் நில்லுங்கள். நல்ல பக்கத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

வீட்டுக்கு வந்தபோது படியில் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. நாளை.

மார்ச் 5, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

மேல்வீட்டு அம்மாவின் தம்பி. வேலை தேடி வந்திருக்கிறானாம். படிக்கட்டில் உட்கார்ந்து போனை நோண்டுவதுதான் இதுவரை தேடிய லட்சணம். நேற்று நான் ஏறும்போது எதிரே வந்து நின்றான். ஒதுங்கினேன். அவனும் அதே பக்கம் ஒதுங்கினான். இளித்தான். அப்புறம் என்னைத் தாண்டி ஒரு படி இறங்கிப் பின்னாலிருந்து தோளில் கை. தோளிலிருந்து கீழே. திரும்பி உதறினேன். படி கழுவிவிட்ட ஈரம் காயவில்லை. அவன் கால் வழுக்கி மல்லாக்கச் சாய்ந்தான்.

விட்டிருக்கலாம். விடவில்லை — பிடித்தேன். ஒரு கை அக்குளுக்கு அடியில், ஒரு கை இடுப்பில், முட்டியை மடக்கி அவன் எடை முழுவதையும் என் மேல் வாங்கி. இத்தனை வருடமாக எல்லாரையும் எப்படித் தாங்குகிறேனோ அப்படியே. யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு டீச்சர் கதவைத் திறந்தார்.

அப்போதிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எதுக்குடி பிடிச்ச? அவனப் போய் எதுக்குடி பிடிச்ச? மண்டை உடைஞ்சு கிடந்திருப்பான் நாய். உன் புத்திய...

மார்ச் 7, வியாழன்

மேல்வீட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பதறவில்லை. "தம்பி ஏற்கெனவே சொல்லிட்டான். கால் வழுக்கிச்சாம், நீங்கதான் கட்டிப் புடிச்சீங்களாம். உதவின்னு நெனச்சுதான் செஞ்சிருப்பீங்க. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல" என்றார். என்னை மன்னித்து அனுப்புகிறார்!

டீச்சரிடம் கேட்டேன். "நான் பாத்தப்போ உங்க ரெண்டு கையும் அவன் மேல இருந்துச்சு. அவன் கை தொங்கிட்டுதான் இருந்துச்சு. பாக்காததப் பாத்தேன்னு நான் எப்படிம்மா சொல்றது?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 8, வெள்ளி

மாலையில் படியில் அவன். "இன்னிக்கும் வழுக்குது, பிடிச்சுக்கறீங்களா?"

மார்ச் 10, ஞாயிறு

வார்டு நர்ஸ் வீடு மாறச் சொல்கிறாள். சொல்வது சுலபம். அப்பாவுக்குப் பார்வை போய் வருடங்கள் ஆகின்றன. ஆனால் இந்த வீட்டுக்குள் அவர் குருடர் இல்லை. சுவிட்ச் எங்கே, குடம் எங்கே, எந்தக் கதவு தலையில் இடிக்கும் — எல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். புது வீட்டுக்குக் கூட்டிப்போனால் இந்த வயதில் மறுபடி முதலிலிருந்து குருடராக வேண்டும். அவரிடம் எதையும் சொல்லவில்லை.

நான் ஏன் போக வேண்டும்? ஏதாவது சண்டை கற்றுக்கொள்கிறேன். எந்தச் சண்டை என்பதுதான் கேள்வி. அந்தப் படிக்கட்டில் காலைத் தூக்கி உதைக்க இடம் இல்லை. ஓடவும் முடியாது, ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கைப்பிடி. அவன் தூரத்திலிருந்து குத்த வருகிறவனும் இல்லை. ஒட்டி வந்து தொடுகிறவன். ஒட்டி வருகிறவனை என்ன செய்வது என்று யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

மார்ச் 12, செவ்வாய்

கராத்தே வகுப்பில் ஒரு நாள். பின் வரிசையில் நான், முன்னால் முழுக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். எல்லாரும் சேர்ந்து காற்றைக் குத்தினோம். காற்று ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு சிறுமியின் முட்டி உள்பக்கம் மடங்குவதைப் பார்த்துவிட்டு வகுப்பு முடிந்ததும் அவள் அம்மாவுக்கு இரண்டு பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். நான் கற்றது பூஜ்யம். ஒருவரை ஒருவர் தொட்டுப் பழகவே ஒரு வருடம் ஆகுமாம்.

மார்ச் 16, சனி

பாக்ஸிங். பயிற்சியாளர் கையில் பஞ்சுப் பலகையைப் பிடித்துக்கொண்டு "அடிங்க" என்றார். அடித்தேன். "ஒவ்வொரு அடிக்கும் ஏன்மா சாரி சொல்றீங்க?" என்றார். சொன்னது எனக்கே தெரியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் விரல் விண்ணென்று தெறித்தது. விரல் போனால் வேலை போச்சு. இது வேண்டாம்.

மார்ச் 19, செவ்வாய்

ஜூடோ. தரை முழுக்கப் பாய் விரித்த கூடம். நசுங்கிய காதோடு ஒரு மாஸ்டர், சிடுமூஞ்சி. ஆனால் இங்கேதான் ஒருவரை ஒருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறார்கள். ஒட்டி வருகிறவனுக்கு இதுதான் சரி. "எடை வந்தா எதிர்த்து நிக்காதீங்க, தாங்காதீங்க. வழிவிடுங்க. அவன் பலமே அவனக் கொண்டுபோய்க் கீழ போடும்" என்றார்.

சேர்ந்துவிட்டேன். அப்பாவிடம் இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி என்றேன். "உனக்கேவா?" என்று சிரித்தார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

என் ஜோடி ஒரு பேங்க்காரி, இடித்தால் சுவர் மாதிரி இருப்பாள். கால் தட்டத் தெரிந்துவிட்டது, இடுப்பைத் திருப்பத் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் விழத் தொடங்கியதும் என் கை போய் அவளைப் பிடித்துவிடுகிறது. இன்றும் அதே கதை. அவளை நிமிர்த்தி நிறுத்தி "அடி படலையே?" என்று வேறு கேட்டேன்.

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "நீங்க ஆளத் தூக்கிப் போட வந்தீங்களா, தூக்கி உக்கார வைக்க வந்தீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். கழிப்பறைக்குள் போய்ச் சத்தம் வராமல் அழுதேன். இந்தக் கையால்தான் அன்றும் கெட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

படியில் அவன் இருந்தால் கீழேயே நின்று யாராவது வரும்வரை காத்திருக்கிறேன். இன்று தபால்காரர் வந்தார். என் வீட்டுக்கு நான் தபாலோடு தபாலாகப் போய்ச் சேர்ந்தேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

விட்டுவிட்டேன்! பேங்க்காரி என்னைத் தள்ளினாள், எடை வந்தது, நான் நகர்ந்தேன், அவள் போய்ப் பாயில் தொப்பென்று விழுந்தாள். என் கை என்னிடமே இருந்தது. அவளே எழுந்து கை தட்டினாள். மாஸ்டர், "இதையே தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் செய்யணும்" என்றார். திரும்பத் திரும்பச் செய்யவைத்தார், உடம்பு தானாகச் செய்யும்வரை.

ஏப்ரல் 27, சனி

நடந்துவிட்டது.

மேலேயிருந்து வந்தான். வழக்கம்போல வழிமறித்தான். "ஜூடோவாமே? எங்க, எனக்குக் கொஞ்சம்..." என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என் மேல் சாய்ந்தான். எடை வந்தது. நகர்ந்தேன். அவ்வளவுதான். நான் ஒன்றுமே செய்யவில்லை. அவன் என்னைத் தாண்டிப் போய் நாலைந்து படி உருண்டு கீழ்த்தளத்தில் முகம் குப்புற விழுந்தான். தாடை கிழிந்து ரத்தம்.

டீச்சர் கதவைத் திறந்தார். இந்த முறை என் இரண்டு கையும் என் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டையும் பார்த்தார். அவனையும் பார்த்தார். ஒரு துணியைக் கொண்டுவந்து அவன் மேல் எறிந்தார். என்னைப் பார்த்து, "உள்ள போங்கம்மா" என்றார்.

வயிறு முட்டச் சாப்பிட்டேன். அப்பா, "என்ன, பாட்டு முனகற?" என்று கேட்டார். சந்தோஷமாக இருக்கிறது. ஏன் மறைக்க வேண்டும்? ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

ஏப்ரல் 30, செவ்வாய்

லாரிக்காரர் விழுந்துவிட்டார்.

மே 1, புதன்

கம்பியை விட்டு வெளியே நடக்க நேற்றுதான் முதல் தடவை. ஒரு கை அவருடைய இடுப்புப் பட்டையில், நான் இடது பக்கம், எல்லாம் முறைப்படிதான். திரும்பும் இடத்தில் அவர் இடது முட்டி மடங்கியது. இதற்கு முன் எத்தனை தடவை மடங்கியிருக்கிறது! என் பக்கம் சாய்ந்தார். என் மேல் எடை வந்தது.

நகர்ந்தேன்.

பட்டையிலிருந்து கை தானாக விட்டது. கால் தானாகப் பின்னால் போனது. இடுப்பு திரும்பியது. பாயில் செய்வதுபோலவே, சுத்தமாக. அவர் என்னைத் தாண்டிப் போய்ச் சிமென்ட் தரையில் இடது கை மடங்க விழுந்தார். சத்தம் கேட்டது. இவ்வளவு வருடத்தில் என் கையில் இருந்த ஆள் யாரும் தரையைத் தொட்டதில்லை.

மணிக்கட்டு எலும்பு உடைந்திருக்கிறது. டீ குடிக்கப் போயிருந்த அவர் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

கடவுளே, நான் என்ன பண்ணிட்டேன். எதப் போய்க் கத்துக்கிட்டேன்.

மே 4, சனி

வார்டில் போய்ப் பார்த்தேன். இடது கையில் மாவுக்கட்டு. என்னைப் பார்த்ததும் அவர்தான் முதலில் பேசினார். "வண்டின்னா ஒரசல் இல்லாம இருக்குமா? விடுங்கம்மா." அவர் மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிடி நழுவிவிட்டது என்று சொன்னேன். மேலதிகாரியிடம் சொன்னதும் அதுதான். லாரிக்காரர் மாவுக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நழுவின மாதிரி இல்ல. நீங்க விலகுன மாதிரி இருந்துச்சு. எனக்குத்தான் அப்படித் தோணிச்சோ என்னவோ."

ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 9, வியாழன்

மாஸ்டரிடம் போய் இனி வரமாட்டேன் என்றேன். காரணத்தைச் சொன்னேன். அவர் சிடுசிடுக்கவில்லை. அதுவே பயமாக இருந்தது. "இங்க விலகுங்க, அங்க தாங்குங்கன்னு நான் வாயால சொல்லிடலாம். உடம்பு கேக்கணுமே" என்றார்.

கற்றதைத் திருப்பிக் கொடுக்கிற கவுண்டர் எங்காவது இருக்கிறதா?

மே 16, வியாழன்

ஆள் இல்லாத நேரத்தில் வார்டு நர்ஸை என் மேல் சாயச் சொல்லிப் பழகிப் பார்க்கிறேன். சாய்வாள் என்று தெரிந்தால் பிடித்துவிடுகிறேன். சொல்லாமல் சாய்ந்தால் ஒரு நொடி எங்கேயோ போய்விட்டுத்தான் கை வருகிறது. முன்பு அந்த நொடி கிடையாது.

மே 25, சனி

அப்பாவைக் கைப்பிடித்து மாடியிலிருந்து இறக்கும்போது அவர் தடுமாறினார். பிடித்தேன். கீழ்ப்படி வரை பிடியைத் தளர்த்தவில்லை. "என்னம்மா, நான் விழல, நீ ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கற?" என்றார்.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் படியில் மேல்வீட்டு அம்மாவின் தம்பி. தாடையில் தையல் தழும்பு. என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு எழுந்து, சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டான். தலையைத் தூக்கவில்லை. இதற்காகத்தானே இவ்வளவும்? கடந்து போனேன். ஒன்றும் தோன்றவில்லை.

மாவுக்கட்டுப் பிரித்து லாரிக்காரர் வந்தார். வேறு யாரும் வேண்டாம், அந்த அம்மாவே பார்க்கட்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். என்னைப் பார்த்து, "ஹாரன் அடிச்சிட்டுத் திரும்பறேன், சரியா?" என்றார். சிரிக்க முயன்றேன்.

பட்டையைக் கட்டினேன். அவர் எழுந்து நின்றார். நான் இடது பக்கம் என் வழக்கமான இடத்துக்குப் போவதற்குள் அவர் மனைவி வந்து அங்கே நின்றுவிட்டார். புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் அவர் பக்கம் நீட்டிக்கொண்டு. மனைவிக்கு எப்படித் தாங்குவது என்று தெரியாது. முட்டியை மடக்காமல் நின்றார். ஆனால் கை தயாராக இருந்தது.

"நான் இந்தப் பக்கம் பாத்துக்கறேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டீ குடிக்கப் போகவும் இல்லை.

முட்டியைக் கொஞ்சம் மடக்கி நிற்கச் சொன்னேன். பட்டையை எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். பிறகு சுற்றிவந்து வலது பக்கம் நின்றேன். அந்தப் பக்கம் அவர் விழவே மாட்டார்.