கண்ணாடியில் இறங்கிய மழைத்துளிகள்

14.7.1959, செவ்வாய்

இனிக் குதிரைப் பந்தயமே வேண்டாமென்று என் வீட்டுக்காரர் மாரியம்மன் கோயிலில் சத்தியம் செய்த பிறகு, இன்றுதான் ஹட்டன் டவுனுக்குப் போனோம்.

பஸ்ஸில் சன்னல் கண்ணாடியில் இரண்டு மழைத்துளிகள் இறங்கின.

"எது முந்தும், சொல்லு பாப்பம்?" என்று மகளைக் கேட்டார்.

அவள் ஒன்றைக் காட்டினாள். மற்றது ஜெயிக்க வேண்டுமென்று இவர் எழுந்தே நின்றுவிட்டார். ஜெயித்ததும் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"அப்பா, இன்னொருக்கா!" என்றாள் மகள்.

நான் எட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டேன். சாரல் எங்கள் மேல் அடித்தது.

"புள்ள நனையிதே!" என்றார்.

"நனையட்டுங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. தலைகுனிந்துகொண்டார். டவுனில் குதிரைப் பந்தயம் கட்டும் கடையைத் தாண்டும்போது, அத்தனை பேர் பார்க்க, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.