மஞ்சள் இலையும் ஐயாவின் காலும்

இறுப்பிட்டி,
புங்குடுதீவு.
14.11.1986

அன்புள்ள மகள் சறோஜினிக்கு,
அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே உயிரோடும் தெம்போடும் இருக்கிறோம், நீயும் மருமகனும் நோர்வேக் குளிரில் சுகமாயிருக்க நயினை அம்மாளை நேர்ந்துகொண்டிருக்கிறேன்.

ஐயாவின் கையெழுத்தைக் காணவில்லையே என்று பயப்படாதே, பக்கத்துக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டிருந்து நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறார், ஆபத்துத் தாண்டின பிறகுதான் உனக்கு எழுத மனம் வந்தது. ஆவணியில் தோட்டத்தில் பனங்கருக்கு அவர் காலைக் கிழித்துவிட்டது. சீனி வருத்தக்காரருக்குப் புண் இலேசில் ஆறாது என்று தெரிந்தும் மனிசன் ஆசுபத்திரிக்குப் போகவில்லை, பக்கத்து வீட்டுச் செல்லாச்சியக்கா தன் மகனின் புண் மஞ்சள் இலையில் ஆறினது என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கிணற்றடிப் பாத்தியில் தினமும் இலை பிடுங்கி அரைத்துக் கட்டினார். மஞ்சள் இலையை நான் குறைசொல்லவில்லை, தடிமனுக்கு அதையும் நொச்சியையும் அவித்து வேது பிடித்தால் எனக்கு மூக்கடைப்பு விடுகிறது, மீனைச் சுற்றி அவித்தால் வயிற்றுக்கும் சுகமாயிருக்கிறது. ஆனால் புண் மணக்கத் தொடங்கி, சின்னவிரல் கறுத்து, தொட்டாலும் அவருக்கு நோவே தெரியாமல் போனபோது ஆசுபத்திரிக்கு வரச்சொல்லி மன்றாடினேன். நீர் சும்மா வெருளாதையும், இன்னும் ஒரு கிழமை கட்டினால் காய்ஞ்சுபோம் என்றார். அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன், மனிசன் அசையவில்லை.

வாடகைக் கார் ஓடுகிற ஏரம்பு அண்ணையிடம் போய்க் காருக்குச் சொல்லி வைத்தேன். அடுத்த நாள் காலை அவர் எழும்ப முதல் கத்தியோடு போய் மஞ்சள் பாத்தி முழுவதையும் அடியோடு அரிந்து எருக்கும்பியில் கொட்டினேன். வந்து பார்த்துவிட்டு, உமக்கென்ன விசரே என்று கத்தினார். ஓம், விசர்தான், இனிக் கட்ட இலை இல்லை, கார் படலையில நிக்குது, ஏறுங்கோ என்றேன். கோட்டைப் பக்கம் வெடிச்சத்தம், பண்ணைப் பாலத்தால் போக ஏலாது, ஊர்காவற்றுறையில் படகு ஏறிக் காரைநகர் போய் யாழ்ப்பாணம் சேர மத்தியானம் திரும்பிவிட்டது. டாக்குத்தர் கட்டை அவிழ்த்துப் பார்த்து, இலையில் நல்ல குணம் இருக்கலாம் அம்மா, ஆனால் சீனியையும் இறக்காது, அழுகினதையும் எடுக்காது, இன்னும் பிந்தியிருந்தால் முழங்காலோடு எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். சின்னவிரலோடு போயிற்று. மயக்கம் தெளிந்ததும் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பி அழுதார், அவர் அழுது நான் கண்டதேயில்லை. இப்போது குளிசை நேரத்தை அவரே நினைவுபடுத்துகிறார், சீனியில்லாத தேத்தண்ணியைத்தான் முகம் சுளித்துக்கொண்டு குடிக்கிறார்.

இனி உன் விஷயம். உனக்கு ஐயாவின் உடம்பு. ஓயாமல் தாகமாயிருக்கிறது, குளிராலாக்கும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. குளிருக்குத் தாகம் எடுக்காது பிள்ளை, சீனி வருத்தத்துக்குத்தான் அப்படி எடுக்கும். இது கிடைத்த உடனே போய் இரத்தம் சோதித்துப் பார், வேலையில் லீவு தரமாட்டார்கள் என்று சாட்டுச் சொல்லாதே. இவ்வளவு தூரத்தில் இருக்கிற அம்மா என்ன செய்யப் போகிறா என்றும் நினைக்காதே, உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போகச் சொல்லி மருமகனுக்கு வேறாக எழுதி இதே தபாலில் போடுகிறேன்.

நோய்நொடி அண்டாமல் நீங்கள் இருவரும் நீடூழி வாழ ஐயாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். சோதித்து வந்த முடிவை ஒளிக்காமல் எழுது.

உன் அன்பு அம்மா,
பரமலிங்கம் இராசேஸ்வரி