கூப்பிட்டவள் நான்

நவம்பர் 9, சனி

காலையில் சமையலறையில் நின்று, மானைக் கூப்பிடுகிற குழலை ஊதிப் பார்த்தேன். முதல் உறுமல் ஏப்பம் மாதிரி வந்தது. "அது கலைமான் இல்லை ஐலா, அஜீர்ணம்," என்றான் ஆர்வோ.

கல்யாணமானதிலிருந்து இதுதான் எங்கள் பங்கீடு. நான் கூப்பிடுவேன், அவன் சுடுவான். ஆண் மான்கள் பெண் மானைத் தேடிப் பித்துப்பிடித்து அலையும் மாதம் இது. தன் இடத்தில் இன்னொரு ஆண் உறுமினால் எந்தக் கலைமானுக்கும் பொறுக்காது. சண்டைக்கு வந்துவிடும்.

காபியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினான். "மேசை கோணல்," என்றான். மேசை கோணல் இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

மணல்குழியில் குறி பழகினான். அட்டையில் ஒரு ஓட்டைகூட விழவில்லை. துப்பாக்கியின் டெலஸ்கோப்பைத் திட்டிக்கொண்டே வீடுவரை வந்தான்.

நவம்பர் 15, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

வேட்டைப் பருவத்தின் முதல் நாள். விழுந்து கிடந்த பெரிய மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தோம். சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து காற்று. வெளிச்சம் நன்றாக வந்ததும் கையோடு கொண்டுபோன இரண்டு மான்கொம்புகளை எடுத்து மோதவிட்டேன். தட்டி, உரசி, முறுக்கி, காலால் சருகையும் கலைத்து, இரண்டு கலைமான் மல்லுக்கட்டுவது போலவே. நடுவில் குழலில் இரண்டு உறுமல். நன்றாகத்தான் கூப்பிட்டேன்.

சதுப்பு ஓரத்தில் புதர் அசைந்தது. ஆர்வோ துப்பாக்கியைத் தூக்கினான். நானும் பார்த்தேன். கிளைகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறம். வேட்டைச் சட்டையின் ஆரஞ்சு, நெருப்பு மாதிரி பளிச்சென்று. ஆள்.

அவனுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்போது பக்கத்தில் 'டிக்' — துப்பாக்கியின் சேஃப்டிப் பூட்டை விடுவித்துவிட்டான்.

குழலைப் பிடித்திருந்த கையாலேயே அடித்தேன். துப்பாக்கி தரையைப் பார்த்தது. வெடிக்கவில்லை. வெடிக்கவில்லை.

பக்கத்து நிலத்து மார்செல்தான். சிரித்துக்கொண்டே வந்தான். "ரெண்டு கலை முட்டிக்குதுன்னு பதுங்கிப் பதுங்கி வந்தா, நீதானா ஐலா! என்ன குரலு உனக்கு! கொஞ்சம் விட்டிருந்தா நானே கொம்பைத் தூக்கிட்டு வந்திருப்பேன்." ஆர்வோ அளவுக்கு மேல் சத்தமாகச் சிரித்தான். நான் சிரித்தேனா? ஞாபகமில்லை.

வண்டியில் வரும்போது அவனாகவே ஆரம்பித்தான். "நான் சும்மா குறிதான் பார்த்தேன். சுட்டிருக்க மாட்டேன்."

"எதைப் பார்த்தே?"

"மார்செலைத்தான்."

"அவன் சட்டை என்ன நிறம், சொல்லு."

"எல்லாரும் போடறது ஆரஞ்சுதானே."

"தொப்பி?"

ரேடியோவைத் திருகினான். மார்செல் தலையில் தொப்பியே இல்லை.

நவம்பர் 16, சனி

மார்செலுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். இருவரும் நான் ஓட்டுகிற பள்ளிப் பேருந்தில்தான் வருகிறார்கள். திங்கள்கிழமை படியேறி "குட்மார்னிங்" சொல்வார்கள். நான் என்ன சொல்வது?

சுடப் போனது அவன். ஆனால் அங்கே வரவழைத்தது யார்? என் வாய்தானே. என் கைதானே.

நவம்பர் 18, திங்கள்

பேருந்தை விட்டுவிட்டு மத்தியானம் காட்டுக்குப் போனோம். போக வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. குழலை வாயில் வைத்தேன். ஊதவில்லை.

"கூப்பிடு," என்றான்.

"மாட்டேன்."

"என்ன விளையாட்டு இது?"

"நான் கூப்பிட்டா எது வேணாலும் வரும் ஆர்வோ. வர்றது எதுன்னு உனக்குத் தெரியல."

பிடுங்கி அவனே ஊதினான். கோபத்தில் ஊதினான் — முரட்டு உறுமல், ஒன்றன்மேல் ஒன்றாக. அதற்கெல்லாம் எதுவும் வராது என்று நினைத்தேன்.

வந்தது. கழுத்து வீங்கிய கலைமான். திறந்த வெளியில், விலாவை முழுக்கக் காட்டிக்கொண்டு நின்றது. மூச்சு ஆவியாக எழும்பியது. ஆர்வோ நேராக அதன் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தான்: "பார்த்தியா, ஒண்ணும் வரலை."

"நிக்குது," என்றேன். "எதிர்லயே நிக்குது."

"எங்க?"

அந்தச் சத்தத்தில் அது ஓடிவிட்டது. பனியில் குளம்பொலி மட்டும் கேட்டது. அது அவனுக்கும் கேட்டிருக்கும்.

எழுந்து துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்தான். வண்டிச் சாவியை என் கையில் வைத்தான்.

நவம்பர் 19, செவ்வாய்

சாயங்காலம் சானாவில், வீட்டு நீராவிக் குளியலறையில், உட்கார்ந்துகொண்டு சொன்னான். கோடையிலிருந்தே அப்படியாம். "நடுவுல ஒரு கறை. எதை நேரா பார்க்கிறேனோ அது அதுக்குள்ள போயிடுது. ஓரம் நல்லாத் தெரியுது." என் பக்கம் திரும்பி, "உன் முகமும்தான்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா துப்பாக்கியைப் பிடுங்கிடுவே."

"பிடுங்குவேன்."

"தெரியும்," என்றான். அடுப்பின் சூடான கல்லில் தண்ணீர் ஊற்றினான். அழுதானா, வேர்வையா, தெரியவில்லை.

மார்செலிடம் சொல்லியாக வேண்டும் என்றேன். "நானே சொல்றேன்," என்றான்.

நவம்பர் 21, வியாழன்

கண் மருத்துவர். வலது கண்ணுக்குத் தாமதமாகிவிட்டது. இடதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்கிறார். கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்களாம். ஆர்வோ பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான்.

நவம்பர் 23, சனி

மார்செல் வீட்டுக்குப் போனோம். என்னை வண்டியிலேயே இருக்கச் சொன்னான். ஜன்னல் வழியே பார்த்தேன். ஆர்வோ பேசினான். மார்செல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அப்படியே நின்றான்.

திரும்பி வந்ததும் கேட்டேன், "என்ன சொன்னான்?"

"வெளிய போன்னான்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

நியாயம்தான். நானாயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் வழியெல்லாம் எனக்கு அழுகை.

நவம்பர் 30, சனி

வேட்டைப் பருவத்தின் கடைசி நாள். நான் வரவில்லை என்றேன். துப்பாக்கியை என் மடியில் வைத்தான். "நீ சுடு. நான் கூப்பிடறேன். உனக்குப் பார்க்கத் தெரியும்."

முதலில் கோபம் வந்தது. பிறகு போனோம்.

இன்று அவன் அவசரப்படவில்லை. ஒரு உறுமல், நீண்ட மௌனம், கொம்பின் மெல்லிய உரசல், மறுபடி மௌனம். இலை நகர்ந்தது. நான் சேஃப்டியைத் தொடவில்லை. கால்கள் நான்கும் தெரியட்டும், தலை தெரியட்டும், பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியட்டும். என் நெஞ்சு அடித்ததில் டெலஸ்கோப்பே குதித்தது. எல்லாம் தெரிந்த பிறகுதான் சுட்டேன். கலைமான் ஓடவில்லை. அங்கேயே மடங்கி விழுந்தது.

பக்கத்தில் போய் நின்றோம். ஆர்வோ குனிந்து அதன் கழுத்தைத் தொட்டான். பிறகு, "எப்படி இருக்குன்னு சொல்லேன்," என்றான்.

சொன்னேன். ஒரு கொம்பின் நுனி ஒடிந்திருப்பதை, காது கிழிந்திருப்பதை, முதுகில் விழுந்த பனி இன்னும் கரையாமல் இருப்பதை. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

அப்போது வேலிக்கு அப்பாலிருந்து ஒரு கூப்பாடு. "ஐலா! நான் மார்செல்! சத்தம் கேட்டுது, இழுக்க ஆள் வேணுமா? வரட்டுமா? மார்செல்தான் வர்றேன்!"

நான் வாயைத் திறக்கும் முன் ஆர்வோ திரும்பிக் கத்தினான்:

"வாடா! துப்பாக்கி அவகிட்டதான் இருக்கு!"