இடது கைப் பட்டை

அன்பு மகன் இன்ஹோவுக்கு,

ஆண்டோங்கிலிருந்து அம்மா எழுதுவது. நான் சுகம்தான், முழங்கால் மட்டும் குளிருக்கு முரண்டு பிடிக்கிறது. நீ வேளாவேளைக்குச் சோறு சாப்பிடுகிறாயா? போனில் பேசலாம், ஆனால் "ஷூட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். இது அப்படி வைத்துவிடுகிற விஷயமில்லை, அதனால்தான் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இந்தக் கடிதம்.

உன் பேர் இங்கே கொடிகட்டிப் பறக்கிறது. அமெரிக்கா போன புதிதில் கடைக்காரன், சமையல்காரன், அடிபட்டுச் சாகிற ரவுடி என்று இரண்டு வரி வேஷத்தில் வந்தவன் இப்போது ஆஸ்பத்திரித் தொடரில் பெரிய டாக்டராக வருகிறாய், சந்தையில் என் கடைக்கு உப்புக் கானாங்கெளுத்தி வாங்க வருகிறவர்கள் மீனை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். பக்கத்துக் கடை ஒக்சுன் "டாக்டரோட அம்மா மீன் நாத்தத்துல உக்காரலாமாடி, மகன்கிட்ட சொல்லி ஏசி போட்டுக்கோ" என்று வம்புக்கு இழுக்கிறாள். உன் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் பாலத்தருகே உன் படம் போட்ட பேனர்கூடக் கட்டினார்கள். மறுநாளே உன் பெரியப்பா ஆள்விட்டு அவிழ்த்துவிட்டார். "அப்பன் சாவுக்கு வராதவனுக்குப் பேனர் ஒரு கேடா" என்றாராம். விசாத் தாள் வராமல் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று நீ அழுததை எத்தனை தரம் சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. இழவு வீட்டில் மூத்த மகன் நிற்க வேண்டிய இடத்தில் மூன்று நாளும் அவர்தானே நின்றார்.

போன வாரம் உன் டாக்டரின் அம்மா செத்துப்போகிற கதை வந்தது. பார்க்கவே மாட்டேன் என்கிற பெரியப்பாவை ஒக்சுன் இழுத்துவந்து உட்காரவைத்தாள். நீ கறுப்புக் கோட்டின் கையில் துக்கப் பட்டை கட்டி விழுந்து அழுதாய், உயிரோடு இருக்கிற தாய் அதைப் பார்க்கலாமா, எனக்கு நெஞ்சே பதறிவிட்டது. பெரியப்பா சிரித்தார். "பாருங்க, அம்மா செத்ததுக்கு இடது கையில கட்டியிருக்கான்! அப்பன் போனா இடது, ஆத்தா போனா வலது, அதுகூட மறந்துட்டான் அமெரிக்காக்காரன்" என்றார். இப்போது சந்தை முழுக்க அதே பேச்சு. உடை கொடுக்கிறவர்கள் மாற்றிக் கட்டியிருப்பார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் இன்ஹோ, எனக்குத் தெரியாதா? உன் தாத்தா இறந்தபோது கை மாற்றிக் கட்ட வந்த சித்தப்பாவையே திருத்தியவன் நீ. அந்தக் காட்சி முழுக்க நீ "அம்மா" என்று ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை, "மன்னிச்சிடுங்க" என்று மட்டும்தான் சொன்னாய். நீ அழுதது உன் அப்பாவுக்காகத்தான் கண்ணே, காமிராவுக்கு முன்னால், மூன்று வருஷம் கழித்து.

இதைப் பெரியப்பாவிடம் சொல்லவா வேண்டாமா என்று தவிக்கிறேன். சொன்னால் "வீட்டுக்கு வந்து அழாதவன் சம்பளம் வாங்கிக்கிட்டு அழுதானா" என்பார். சொல்லாவிட்டால் முறை தெரியாதவன் என்ற பேர் உனக்கு நிலைத்துவிடும். அடுத்த மாதம் அப்பாவின் நினைவு நாள். படையலில் மூத்த மகனாக நீ ஊற்ற வேண்டிய முதல் மதுக் கிண்ணத்தை ஒவ்வொரு வருஷமும் அவர்தான் ஊற்றுகிறார். "இந்தத் தடவையும் வரலைன்னா, இனி அவன் பேர எங்கிட்ட எடுக்காதம்மா" என்று சொல்லிவிட்டார். உனக்குத்தான் இப்போது விசாத் தாள் கைக்கு வந்துவிட்டதே, வந்து நீயே சொல்லு.

கண்விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நம் முன்னோர் உனக்குத் துணையிருக்கட்டும். மிளகாய்த்தூளுக்கு அடியில் ஒரு துணிப் பொட்டலம் இருக்கும், குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதே. அப்பாவின் இழவு வீட்டில் மூத்த மகனுக்கென்று கொடுத்த, இரண்டு கோடு போட்ட துக்கப் பட்டை அது. யாரும் கட்டவில்லை, கொளுத்தச் சொன்னார்கள், எனக்கு மனசு வரவில்லை. வரும்போது கட்டிக்கொண்டு வா. எந்தக் கை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா