நீ சுற்றி வைத்த டியூப் கட்டுகள்

என் பாசத்துக்குரிய மச்சான்,

நீ அடங்கியிருக்கும் கப்ரில் அல்லாஹ் குளிர்ச்சியைத் தரட்டும். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் நேரிலேயே ஏசியிருப்பேன், நீயும் சிரித்துக்கொண்டு போயிருப்பாய்.

அறுகம்பேயில் ஒரு வெள்ளைக்காரன் கைவிட்டுப்போன வீட்டு வேனைக் கல்முனைக்கு ஓட்டி வந்தாயே, படுக்கையும் காஸ் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள அந்தக் கிழட்டு வேன், அதைப் பற்றித்தான். உன் உம்மாவை, என் மாமியை, வருகிற திங்கட்கிழமை கண் ஒபரேசனுக்குக் கண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த இடுப்பு நோவோடு பஸ்ஸில் அவ்வளவு தூரம் குந்தியிருக்க மாமிக்கு ஏலாது. படுத்துக்கொண்டு போக உன் வேன் ஒன்றுதான் இருக்கிறது.

மலையேறப் போகிற வண்டி, ஹோஸ்களைப் பார்ப்போம் என்று பொனட்டைத் திறந்தேன். ரப்பரை அமுக்கினால் தெரிந்துவிடும். விறைத்திருந்தால் வெடிக்கும், சொதசொதவென்று இருந்தால் ஊதும். ஆனால் அமுக்குவதற்கு நீ எங்கே ரப்பரை விட்டு வைத்தாய்? ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், தண்ணீர்த் தொட்டி ஹோஸ், எல்லாவற்றிலும் சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றி, கிளிப்பையும் சேர்த்து மூடி, மேலே வலை கட்டும் தங்கூசி நூலால் முடிச்சுப் போட்டிருக்கிறாய். கடலுக்குப் போய்வந்த தோணிக்காரன் புத்தி! கரை வரும்வரை தாங்கினால் போதும், இல்லையா? இதில் எது நல்லது, எது உக்கியது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

கத்தியை எடுத்தேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மாமி வந்து மறித்துவிட்டார்.

"வெட்டாதீங்க மகன். அவன்ட கை போட்ட முடிச்சி அது."

"உள்ளுக்க வெடிச்சிருந்தா கண்டிக்குப் போகேலா மாமி."

"அப்ப எனக்குக் கண்ணு வாணாம்."

பெண் வீட்டில் குடியிருக்கிற மருமகன் மாமியோடு எவ்வளவுதான் சத்தம் போடலாம்? கத்தியை எறிந்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். உன் தங்கச்சிதான் வழி சொன்னாள்.

"வெட்டாம அவிழ்த்தா என்ன உம்மா?"

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு மாமி வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பம்பரில் சாய்ந்து, மங்கிய கண்ணோடு, உன் முடிச்சுகளை விரலால் தடவித் தடவி அவிழ்த்தார். நான் டோர்ச் பிடித்தேன். ஹீட்டர் ஹோஸ் நல்லாகவே இருந்தது, அதை ஏன் சுற்றினாய் என்று உனக்கே தெரிந்திருக்காது. ரேடியேட்டர் ஹோஸின் கடைசிச் சுற்றுக் கழன்றபோது மாமியின் விரல் ஒரு வெடிப்புக்குள் போனது. ரப்பர் நீளத்துக்குப் பிளந்திருந்தது.

"இப்படிக் கிடந்ததயா மூடி வச்சிருந்தான்?" என்றார் மாமி. விரலை எடுக்காமலே, "நெஞ்சு நோவையும் இப்படித்தானே சோடாவக் குடிச்சி மூடினான்" என்றார்.

நான் டோர்ச்சை அணைத்தேன்.

ஏன்டா மச்சான்? வாய்வு, வாய்வு என்று சொல்லித் திரிந்தாயே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க மாட்டேனா? யாருக்குப் பாரமாகிவிடுவாய் என்று பயந்தாய்?

புது ஹோஸ் அக்கரைப்பற்றில் கிடைத்தது. பழையதைக் கழற்றி அதைப் பூட்டி, இஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டும் ஒழுகவில்லை. மேலே எதையும் சுற்றவில்லை. வெடித்தால் கண்ணுக்குத் தெரியட்டும். உன் டியூப் துண்டுகளை மாமி கழுவிக் காயப்போட்டிருக்கிறார்.

இன்னொன்று. கொஞ்ச நாளாக என் தலைமாட்டிலும் சோடாப் போத்தல் இருக்கிறது. உன் தங்கச்சி அதைக் கண்டுவிட்டாள். எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாமியைக் கண் வார்ட்டில் விட்ட கையோடு என் நெஞ்சையும் டொக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வேனைத் திருப்புவேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

இன்னும் ஏசி முடியாத,
உன் தங்கச்சியின் மாப்பிள்ளை