பத்துக்கு இரண்டு

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

டொக்டர் பஹ்மியின் ஆய்வுக் கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்திருக்கிறதாம். முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதைப் பற்றியது. பாடசாலை ஓய்வறையில் இன்று அதே கதை. "உங்கட அவரும் அந்த ஆய்வில இருந்த ஒரு நோயாளிதானே, சனூஸா டீச்சர்?" ஓம் என்றேன். திருகோணமலையில் இருந்துகொண்டே உலகப் பெயர் எடுத்துவிட்டார் என்று எல்லோருக்கும் பெருமை.

காலையில் காற்சட்டைக்குள் கால் விட ஏலாமல் என் கணவர் கட்டிலில் கிடந்து அழுததை யாரிடம் சொல்ல?

பெப்ரவரி 8

கட்டுரையை போனில் எடுத்து வாசித்தேன். இங்கிலீஷ் படிப்பிக்கிறவள் நான். மருத்துவச் சொற்கள் போக மற்றதெல்லாம் விளங்கியது. பெயர் இல்லை. ஆனால் ஆள் இவர்தான் – துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், ஏணியிலிருந்து விழுந்தவர். ஒரு வருடத்துக்குப் பின் நோவு பத்துக்கு இரண்டு. மிகச் சிறந்த முன்னேற்றம். நோவுக்கு விழுங்கிய குளுசைகள் நிறுத்தப்பட்டன.

இரண்டா? எந்த வீட்டில் இரண்டு?

கேட்டேன். இவர் போனைத் தள்ளிவைத்தார்.

"அந்த மனுசன் நாள் முழுக்க நிண்டு என்ர முதுகைக் கீறினவர். கையைப் பிடிச்சு, 'எப்படியிருக்கு காக்கா?' எண்டு சொந்தத் தம்பி மாதிரிக் கேட்கக்குள்ள, இன்னும் நோகுதெண்டு எப்படிச் சொல்லுற?"

"நோவு கூடினா அதை எனக்கிட்ட மட்டும் காட்டலாமா?"



பெப்ரவரி 19

தேத்தண்ணி ஆறிப்போச்சாம். கோப்பை சுவரில் போய் உடைஞ்சது. டொக்டருக்கு மரியாதை, எனக்கு இது.

பெப்ரவரி 25

தொழுகைக்குக் கதிரையில் இருந்தவர் எழும்ப முடியாமல் என் தோளைப் பிடித்தார். பிடித்த இடம் கன்றிப்போயிருக்கிறது. கோபப்படவும் முடியவில்லை. அந்த நேரம் அவர் கண்ணைப் பார்த்தால் யாருக்குத்தான் முடியும்?

மார்ச் 2, சனி

இவருக்குச் சொல்லாமல் டொக்டரிடம் போனேன். உட்காரச் சொல்லி, அன்பாகத்தான் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பையையும்.

"ஆய்வில நாங்க நோயாளி சொல்றதைத்தான் எழுதுவம், டீச்சர். அவர் வாயால சொன்ன எண் அது."

"உங்களுக்கு முன்னால அவர் நோவைச் சொல்லல்ல, டொக்டர். நன்றியைச் சொன்னவர்."

அவருடைய முகம் அப்படியே சுண்டிப்போனது. மேசையிலிருந்த ஆய்வுத் தாள்களைப் புரட்டினார். கடைசியில், "அப்படியெண்டா மத்த வீடுகள்லயும் கேட்கோணும்," என்றார். எனக்குச் சொன்னது மாதிரி இல்லை, தனக்கே சொன்னது மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வரும்வரை எனக்கு ஒரு பொல்லாத சந்தோசம்.

மார்ச் 21

டொக்டர் இவரைக் கூப்பிட்டு, முதுகைத் திரும்பவும் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார். சத்திரசிகிச்சைத் தழும்பு நரம்பை நெரிக்கிறதாம். ஊசியும் வேறு குளுசையும் கொடுத்திருக்கிறார். ஒரு வருடம் வீணாகப் போயிருக்கிறது.

இவர் நன்றி சொல்வார் என்றா நினைத்தேன்? நோன்பு திறந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"என்னைப் பொய்யனாக்கிப் போட்டாய். நோவு என்ர. அதை நீ என்னத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாய்?"

நான் என்ன சும்மாவா தூக்கிக்கொண்டு போனேன்? இந்த வீட்டில அந்த நோவை ஆர் சுமந்தது? – இதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மே 14

ஆய்வில் இருந்தவர்களை அவரவர் மனைவிமாரோடு டொக்டர் திரும்பவும் கூப்பிட்டுக் கேட்கிறாராம். பள்ளிவாசலில் யாரோ இவரைப் பார்த்து, "உன்ர பொஞ்சாதி போய்ச் சொல்லி, இப்ப எங்கட வீட்டுக் கதையும் வெளியில வருது," என்று சிரித்திருக்கிறான்.  இப்போது கோப்பைகளும் உடைவதில்லை. என்னிடம் எதுவும் கேட்பதுமில்லை.

ஜூன் 30

டொக்டர் எனக்குப் போன் எடுத்தார். நோயாளி சொன்னதற்கும் வீட்டார் சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தது என்று சஞ்சிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பியிருக்கிறாராம். அது வெளிவரும்போது கொழும்பில் சிலர் தன்னைக் கிழிப்பார்கள் என்றார். "பரவாயில்ல டீச்சர்."

நல்ல மனிதர். ஆனால் இந்த வீட்டுக்குள் வந்து இருக்கப்போவது அவர் இல்லையே.

ஓகஸ்ட் 17

தோப்பூரிலிருந்து இவருடைய தங்கை, மதினி ரபீக்கா வந்திருந்தார். கிளினிக்குக்கு இவர் இப்போது மதினியைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார். நான் போவதில்லை, என்னை அவர் கூப்பிடுவதும் இல்லை.

குசினியில் எனக்கு மீன் வெட்டித் தந்துகொண்டே மதினி சொன்னார்: "டொக்டருக்கிட்ட எவ்வளவு கதைக்கிறார் தெரியுமா! எங்க நோகுது, எப்ப குறையுது, எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னார். நோவு நல்லாக் குறைஞ்சிட்டுதாம். அடுத்த மாசம் வேலைக்குப் போகலாமெண்டு டொக்டர் சொல்லிட்டார். துறைமுகத்தில அலுவலக வேலையாம். உனக்குச் சொல்லியிருப்பாரே?"

எனக்கு எல்லாமே புதுச் செய்தி. முற்றத்தில் இவர் நிமிர்ந்து நின்று அயலவரோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம் மதினி," என்றேன். "சொன்னவர்."