பதினோரு சாக்லேட்

குட்டியின் அப்பாவுக்கு,

லேபிலிருந்து வந்த உடுப்பைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். சண்டை போட அல்ல; அதற்குத் தெம்பும் இல்லை.

ஞாயிறுதோறும் உங்களிடமிருந்து திரும்பி வந்ததும் அவள் ஆடுகிற ஆட்டத்தை நீங்கள் பார்த்ததில்லை. தட்டைத் தள்ளிவிடுவாள், தலையணையைப் பிய்ப்பாள், தொண்டை கட்டும்வரை கத்துவாள். எல்லாம் நீங்கள் வாங்கித் தரும் சாக்லேட்டால்தான் என்று போனில் உங்களை எத்தனை முறை வறுத்தெடுத்திருப்பேன்! நாள் முழுக்க ஊரார் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்?

இன்று துவைப்பதற்காக அவள் பையைக் கவிழ்த்தேன். பதினோரு வாரத்துக்குப் பதினோரு சாக்லேட். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. சில உருகி, மறுபடி இறுகிக் கோணலாகக் கிடந்தன.

"ஏன்டி சாப்பிடல?"

"சாப்பிட்டா ஆடுவேன், ஆடினா அப்பாகிட்ட அனுப்பமாட்டேன்னு நீதானேம்மா சொன்ன?"

"சாப்பிடாமலேயா அந்த ஆட்டம் ஆடின?"

"வேணும்னு ஆடலம்மா. அப்பா வாசல் கேட்டுலயே விட்டுட்டுத் திரும்பிப் போறாங்கல்ல, அப்ப அதுவா வந்துடுது."

நானே பிரித்துக் கொடுத்தேன். மூன்று தின்றாள். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் படம் வரைகிறாள்.

வருகிற ஞாயிறு கேட்டோடு திரும்பிவிடாதீர்கள். மேலே வந்து ஒரு டீ குடித்துவிட்டு மெதுவாகப் போங்கள்.

சர்க்கரை போட்டே தருகிறேன்.

குட்டியின் அம்மா